கர்ப்பப் பரிசோதனைப் பட்டியும் அடிவயிற்று வலியும்: வெள்ளவத்தையில் வாங்கிய ஒரு பொருள், நாடிய ஒரு சிகிச்சை நிலையம்

வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு மருங்கிலும் உள்ள பாமசிகளில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. விலையும் ஒரு சோற்றுப் பார்சலின் விலைக்குள் அடங்கிவிடும். உரிய நாளில் உரிய முறையில் பயன்படுத்தினால் அது நம்பத்தக்க பொருள் என்பதே என் தீர்ப்பு. ஆயினும், ஆணுறை அணிந்த உறவுக்குப் பின்னர் அடிவயிற்றில் வலி தொடங்கி, அந்த வலியையே கர்ப்பத்தின் அறிகுறியாக எண்ணி அஞ்சும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டி பாதிப் பதிலைத்தான் தருகிறது. கரு தங்கியிருக்கிறதா என்பதை அது சொல்லும். வலி ஏன் வந்தது என்பதைச் சொல்லாது. இரண்டு கேள்விகளையும் அண்மையில் சுமந்து திரிந்தவள் என்பதால், பட்டியையும் அதை விற்கும் கடைகளையும் பின்னர் நான் போன மகளிர் சிகிச்சை நிலையத்தையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன்.

என் நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னால்தான் இந்த மதிப்பீடு யாருக்குப் பொருந்தும் என்பது விளங்கும். எனக்கு ஒரு வயதைக் கடந்த குழந்தை இருக்கிறது. இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. மாதவிடாய் திரும்பிவிட்டது, ஆனால் ஒழுங்காக வருவதில்லை. அடுத்த பிள்ளையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட நானும் கணவரும் தீர்மானித்து, ஆணுறையையே பயன்படுத்தி வருகிறோம். அது கிழியவுமில்லை, நழுவவுமில்லை. அப்படியிருந்தும் உறவுக்குப் பின்னர் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் இழுத்துப் பிடிக்கும் வலி வந்து, நாட்கணக்கில் விட்டு விட்டுத் தொடர்ந்தபோது, மனதில் முதலில் எழுந்தது ‘பிள்ளை தங்கிவிட்டதோ’ என்ற கேள்விதான்.

அந்தப் பயத்தை வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால்கூட, ஆணுறையை மட்டும் நம்பியிருக்கும் 100 பெண்களில் ஏறத்தாழ 2 பேர் ஓராண்டுக்குள் கருத்தரிக்கிறார்கள். நடைமுறையில் மக்கள் பயன்படுத்தும் விதத்தைக் கணக்கில் எடுத்தால் அது 13 பேராக உயர்கிறது. பால் கொடுக்கும் காலத்தில் கரு தங்காது என்று எங்கள் வீடுகளில் சொல்லப்படுவதற்கும் எல்லை உண்டு. பிள்ளைக்கு 6 மாதம் நிரம்பாமலிருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பாதிருக்க வேண்டும்; இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் பாதுகாப்பு 98 வீதம் வரை இருக்கும், ஒன்று தவறினாலும் அதை நம்பியிருக்கக் கூடாது. இதற்கு மேல், தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருக்கலைப்பை அனுமதிக்காத 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவைதான் இந்த நாட்டில் இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. எண்ணாமல் வரும் கர்ப்பம் இங்கே ஒரு பெண்ணை எவ்வளவு அச்சுறுத்தும் என்பதை இவ்விடயம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனிப் பட்டிக்கு வருகிறேன். காற்றுப் புகாத உறைக்குள் விரல் அகலம்கூட இல்லாத ஒரு மெல்லிய பட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிறு பொதி, மடித்து வைத்த துண்டுப் பிரசுரம், இவ்வளவுதான் உள்ளே இருக்கும். கரு, கருப்பையின் சுவரில் பதிந்த பின்னர் சுரக்கத் தொடங்கும் எச்.சி.ஜி. என்னும் ஹோர்மோன் சிறுநீரில் இருக்கிறதா என்பதை இது காட்டுகிறது. நான் வாங்கியது, இவ்வகைப் பட்டிகளில் பெரும்பாலானவற்றைப் போல, ஒரு மில்லிலீற்றரில் 25 மில்லி சர்வதேச அலகு இருந்தாலே பிடித்துவிடும் தரத்தைக் கொண்டது. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைச் சுத்தமான சிறு கிண்ணத்தில் எடுத்து, அம்புக்குறியின் கோட்டைத் தாண்டாமல் பட்டியை அமிழ்த்தி, பிரசுரம் சொல்லும் நேரம் வரை பொறுத்து, தட்டையான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சி என்ற இடத்தில் கோடு விழுந்தால் பட்டி வேலை செய்திருக்கிறது என்று பொருள். டி என்ற இடத்திலும் கோடு விழுந்தால் கர்ப்பம். டி கோடு மங்கலாக இருந்தாலும், குறித்த நேரத்துக்குள் நிறத்துடன் தோன்றினால் அது கர்ப்பம்தான். நேரம் கடந்தபின் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கும்போது தெரியும் சாம்பல் நிறக் கோட்டை நம்பக் கூடாது. அது சிறுநீர் காய்ந்த தடமாக இருக்கலாம். சி கோடே விழாவிட்டால் அந்தப் பட்டியை எறிந்துவிட்டு வேறொன்றை வாங்க வேண்டும்.

நாளைத் தெரிவதில்தான் முழு விடயமும் இருக்கிறது, அதைத்தான் கடைகளில் எவரும் சொல்லவில்லை. உறவு நடந்த மறுநாளோ அந்த வாரத்திலோ இந்தப் பட்டியால் எந்தப் பயனும் இல்லை. ஆணின் விந்தணு பெண்ணுடலில் 5 நாட்கள் வரை உயிரோடிருக்கும். முட்டை வெளியான பின்னர் கருவுற்றாலும், கரு பதிவதற்கு முட்டை வெளியான நாளிலிருந்து 6 முதல் 12 நாட்கள் வரை ஆகும். பதிந்த பிறகே ஹோர்மோன் சுரக்கத் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை இரட்டிப்பாகிக்கொண்டு போகும். ஆகவே மாதவிடாய் ஒழுங்காக வருபவர், அது வர வேண்டிய நாள் தவறிய பின்னர் பார்க்கலாம். என்னைப் போல எப்போது வரும் என்றே தெரியாதவர், கடைசி உறவிலிருந்து 21 நாட்கள் கழித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் கிடைக்கும் ‘இல்லை’ என்ற பதிலை உறுதியானதாகக் கொள்ள முடியாது. நான் 21 நாட்கள் கடக்கும் வரை காத்திருந்தேன். ஒரு கோடுதான் விழுந்தது. ஒரு வாரம் கழித்து இன்னொரு நிறுவனத்தின் பட்டியிலும் அதே விடை வந்தது. விலை குறைந்ததற்கும் கூடியதற்கும் விடையில் வேறுபாடு இல்லை. பிளாஸ்டிக் கூட்டுக்குள் வரும், நேரடியாகவே சிறுநீரைப் பிடிக்கும் வகை கையாளச் சற்று இலகுவானது. அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பதா என்பது அவரவர் விருப்பம்.

பட்டியில் நான் காணும் உண்மையான குறை துண்டுப் பிரசுரத்தில் இருக்கிறது. மிகச் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. தமிழில் ஒரு வரிகூட இல்லை. தமிழ் பேசும் பெண்கள் இவ்வளவு பேர் வாழும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விற்கும் ஒரு பொருளுக்கு, எந்த நாளில் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஒரு வாக்கியத்தையாவது தமிழில் அச்சிடுவது பெருஞ்செலவான காரியமல்ல. படம் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் எப்படி அமிழ்த்துவது என்பதைத்தான் படம் காட்டுகிறது, எப்போது என்பதைக் காட்டவில்லை. இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். இத்தகைய பட்டிகளை 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கக் கூடாது என்று உறையிலேயே குறிப்பிட்டிருக்கும். கொழும்பின் பகல் வெப்பம் பல நாட்களில் அதைத் தாண்டிவிடும். வெயில் நேரே விழும் கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருக்கும் கடையில் வாங்காமல், குளிரூட்டிய கடையில், காலாவதித் திகதியைப் பார்த்து வாங்குவது நல்லது. ஆணுறைக்கும் இதே விதி பொருந்தும். மோட்டார் சைக்கிளின் பெட்டியிலும் காற்சட்டைப் பையிலும் வெந்து கிடந்த ஆணுறை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உறுதியிழந்திருக்கும்.

கடைகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நான் முதலில் போன பாமசியில், முன்னால் நின்ற பையன் நான் கேட்டதை உள்ளே இருந்தவருக்கு உரத்த குரலில் திருப்பிச் சொன்னான். அருகில் மருந்துக்குக் காத்திருந்த மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்தில் தாலியும் இடுப்பில் குழந்தையுமாக நின்ற எனக்கே கூச்சமாக இருந்தது என்றால், பம்பலப்பிட்டியிலோ தெஹிவளையிலோ அறை எடுத்துத் தங்கிப் படிக்கும், மணமாகாத ஒரு பெண் அந்த இடத்தில் எப்படி நிற்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது கடையில் இருந்தவர் மரியாதையாக நடந்துகொண்டார், எதையும் உரத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்காமலேயே அவசரக் கருத்தடை மாத்திரையையும் பட்டிக்குப் பக்கத்தில் எடுத்து வைத்து, “இதையும் கொண்டு போங்கோ தங்கச்சி, பாதுகாப்புக்கு நல்லது” என்றார். உறவு எப்போது நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை.

கேட்டிருக்க வேண்டும். லெவோனோஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் கொண்ட அந்த மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணித்தியாலங்களுக்குள், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கில் எடுக்க வேண்டும். அது முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது. பதிந்துவிட்ட கருவை அது கலைப்பதில்லை. வாரக்கணக்கு கடந்த பிறகு எடுப்பதால் பயனில்லை. அடுத்த மாதவிடாயைக் குழப்பி, வயிற்றைப் புரட்டி, சிலருக்கு அடிவயிற்று வலியையும் கொடுத்து, இருக்கும் பயத்தைக் கூட்டத்தான் செய்யும். ஆணுறை உண்மையிலேயே கிழிந்தவர்களுக்கு அது அரிய பொருள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதைவிட உறுதியான வழியாக, 5 நாட்களுக்குள் ஒரு மருத்துவரைக் கொண்டு கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான செம்பு லூப்பைப் போட்டுக்கொள்ளவும் முடியும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். கிழியாத ஆணுறைக்கு மேல் பயத்துக்காக மாத்திரை விழுங்குவதைத்தான் நான் ஏற்கவில்லை.

பட்டி ‘இல்லை’ என்று சொன்ன பின்னரும் வலி போகவில்லை. உறவு நடந்து சில நாட்களுக்குள் வரும் அடிவயிற்று வலியைக் கர்ப்பத்தின் அடையாளமாகக் கொள்ள முடியாது என்பதை அந்தக் கட்டத்தில்தான் எனக்கு ஒருவர் தெளிவாக விளக்கினார். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில் உள்ள சிறிய மகளிர் சிகிச்சை நிலையத்தின் மருத்துவர் அவர். நிறையோடு குறையையும் எழுதப்போவதால் அந்த இடத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அங்கே எனக்குப் பிடித்தது கேள்விகள் கேட்கப்பட்ட விதம். வாசலில் பதிவு செய்பவர் காரணம் கேட்கவில்லை. பெயரும் வயதும் போதுமாக இருந்தன. மருத்துவர் ஐம்பது வயதைக் கடந்த தமிழ்ப் பெண்மணி. கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “எந்தப் பக்கம் நோகுது? உறவின்போதே நோகுதா, முடிஞ்ச பிறகா? சலம் போகும்போது எரியுதா? காய்ச்சல் இருந்ததா? வெள்ளைபடுதல் மணக்குதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொரு கேள்விக்கும் நான் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு, “நீங்கள் பயந்ததில பிழையில்லை. ஆனால் இந்த நோவைப் பிள்ளையோட சேர்த்துப் பார்க்காதேங்கோ. இது வேற கதை, அதை வேறயா விசாரிப்பம்” என்றார். அந்த வார்த்தைகளுக்காகவே கட்டணம் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவர் எனக்கு விளக்கியவற்றை, இதே வலியோடு இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் இங்கே தருகிறேன். மாதவிடாய்ச் சுற்றின் நடுப்பகுதியில் முட்டை வெளியாகும்போது ஒரு பக்கத்தில் மட்டும் சில மணி நேரமோ ஓரிரு நாளோ வலி இருப்பது பல பெண்களுக்கு இயல்பு. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சூலகத்தில் நீர்க்கட்டி, கருப்பையின் உட்படலம் வெளியே வளர்வதால் வரும் நோய் ஆகியவையும் அதே இடத்தில் வலியைத் தருகின்றன. ஆணுறை செய்யப்படும் இறப்பருக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எரிச்சலும் அரிப்பும் வரும். கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றுகள் மேலேறிக் கருப்பையையும் குழாய்களையும் பாதித்தாலும் வலி வரும். ஆணுறை அந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது, முற்றாக நீக்குவதில்லை. எனக்குச் சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கான் இரண்டும் செய்யப்பட்டன. இரண்டிலும் குறை எதுவும் தெரியவில்லை.

எனக்கு இருந்தது வறட்சி. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் என்னும் பெண் ஹோர்மோன் குறைந்திருப்பதால் பிறப்புறுப்பு வறண்டு, உறவின்போது உராய்வும் வலியும் ஏற்படுகின்றன. அந்த வலிக்கு அஞ்சி உடல் தானாகவே அடியிலுள்ள தசைகளை இறுக்கிப் பிடிக்கிறது. இறுக்கிய தசை பிறகும் தளராமல் அடிவயிற்றில் நோகிறது. கர்ப்பப் பயம் சேர்ந்தால் இறுக்கம் இன்னும் கூடுகிறது. பிள்ளை பெற்ற எத்தனையோ பேர் இதை யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சகிக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, என் வயதையொத்த பலரது முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. இதைப் பிரசவத்துக்குப் பின்னரான கிளினிக்கிலேயே எங்களுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். தடுப்பூசிக்கும் குழந்தையின் நிறைக்கும் கொடுக்கப்படும் கவனத்தில் சிறு பங்கு போதும்.

அவர் அடுத்துக் கேட்ட கேள்வி, “வறட்சிக்குத் தேங்காயெண்ணெய் பாவிக்கிறீங்களா?” என்பது. நாங்கள் பாவிப்பதில்லை, ஆனால் பலர் பாவிக்கிறார்கள், இதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வாசலின், குழந்தைக்குப் பூசும் எண்ணெய் எதுவானாலும் இறப்பர் ஆணுறையைச் சில நிமிடங்களிலேயே பலமிழக்கச் செய்துவிடும்; கிழிந்தது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். வறட்சிக்கு எண்ணெய், எண்ணெயால் கிழிந்த ஆணுறை, அதனால் கர்ப்பம் என்று ஒன்றிலிருந்து ஒன்று தொடரும். நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லையே பயன்படுத்த வேண்டும்; பாமசிகளில் ஆணுறை அடுக்கியிருக்கும் தட்டிலேயே அதுவும் இருக்கும். ஹோர்மோன் கலந்த பூச்சு மருந்தும் உண்டு, தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம் என்றார்.

எந்த வலிக்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் அவர் ஒரு தாளில் எழுதித் தந்தார். ஒரு பக்கத்தில் திடீரென்று தாங்க முடியாத வலி, மயக்கம், தோள்பட்டையின் நுனியில் வலி, இரத்தப்போக்கு, காய்ச்சலோடு கூடிய வலி, நிற்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனடியாக வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பட்டி ‘ஆம்’ என்று காட்டிய பின்னர் அடிவயிற்று வலி வந்தால், கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கு ஆபத்தானது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவ செரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். பொரளையில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும், கொழும்பின் மிகப் பழைய மகப்பேற்று வைத்தியசாலையான டி சொய்சாவும் இருக்கின்றன.

குறைகளுக்கு வருகிறேன். காத்திருப்பு நீண்டது, குறித்துக் கொடுத்த நேரத்துக்கு வெகு நேரம் பிந்தியே உள்ளே அழைத்தார்கள். பரிசோதனைக் கட்டிலை மறைக்கும் திரை முழுவதுமாக மூடவில்லை; நான் கேட்ட பிறகுதான் தாதி வந்து ஊசி குத்திச் சரி செய்தார். ஸ்கான் அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. எல்லாம் சேர்ந்த செலவு, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எவருக்கும் உறைக்கும். அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் தம் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கிலும், வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடமும் இதே கேள்விகளைக் காசில்லாமல் கேட்கலாம். 1953 முதல் இயங்கிவரும் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கத்தின் நிலையம் கொழும்பு 7, புல்லர்ஸ் ஒழுங்கையில் இருக்கிறது. பால்வினைத் தொற்றுப் பற்றிய ஐயம் இருந்தால், கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள அரச நிலையத்தில் இலவசமாகவும் இரகசியம் காத்தும் பரிசோதிப்பார்கள். தனியார் நிலையத்தில் எனக்குக் கிடைத்த பொறுமை அங்கெல்லாம் ஒரே அளவில் கிடைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. கேள்விகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது எந்த இடத்திலும் உதவும்.

ஜெல்லைப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னர் உறவின்போதான வலி பெருமளவு குறைந்திருக்கிறது, முற்றாக நிற்கவில்லை. தசைகளைத் தளர்த்துவதற்கு மருத்துவர் காட்டித் தந்த மூச்சுப் பயிற்சியைச் செய்துவருகிறேன். அடுத்த இரண்டு மாதவிடாய்களுக்குப் பின்னரும் வலி எஞ்சியிருந்தால் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார். போக வேண்டியிருந்தால் அதே இடத்துக்குத்தான் போவேன். காலையில் முதல் இலக்கத்தை எடுத்துக்கொண்டு போவேன்.